ஒரே ஒரு ஷாட் வித்தியாசம்

ஜெயிப்பதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? தோற்பதுதான் வித்தை. அதிலும் ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்தில், எதிராளிக்குத் துளி சந்தேகமும் வராமல், தினமும் மத்தியானம் தோற்பது இருக்கிறதே, அதற்குக் கோப்பை கொடுப்பதாக இருந்தால் எங்கள் கடை அலமாரியில் இடம் போதாது.

எதிராளி என் புருஷன். நேரில் 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். இங்கேயாவது அவன் என்று சொல்லிக்கொள்கிறேன், மனசு கொஞ்சம் ஆறும்.

எங்களுடையது கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு, மேசைக்கு, குளியலறைக்கு என்று அளவு சொன்னால் வெட்டித் தருவோம். அவன் வெட்டுவான். நான் அளவு எழுதி, கம்ப்யூட்டரில் பில் போட்டு, பெரிய கண்ணாடிகளைத் தூக்கும்போது மறுமுனை பிடிப்பேன். கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவனைப் போல ஒரு பொறுமைசாலி கிடையாது. கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டுக்கொண்டு, மூச்சை அடக்கி, ஒரே இழுப்பு. அடியில் லேசாகத் தட்டுவான். கண்ணாடி சொன்ன பேச்சைக் கேட்டு இரண்டாகும். பக்கத்து மருந்துக்கடைக்காரர் அதை வேடிக்கை பார்த்துவிட்டு, "இப்படி ஒரு நிதானமான மனுஷன் கிடைக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும்" என்பார். நான் சிரித்து வைப்பேன். வீக்கத்துக்கு மாத்திரையும் களிம்பும் அவரிடம்தான் வாங்குவேன். படியில் வழுக்கிவிட்டேன் என்பேன். எங்கள் கடையிலும் வீட்டிலும் படியே கிடையாது. அவரும் ஒருநாள்கூட எந்தப் படி என்று கேட்டதில்லை.

இந்த கோல்ஃப் சனியன் எப்படி வந்தது என்றால், கம்ப்யூட்டர் வழியாகத்தான் வந்தது. பழைய காலத்து வீடியோ கேம்களை அப்படியே ப்ரவுசரில் ஓடவிடும் ஒரு தளத்தை அவன் எங்கேயோ பார்த்துவிட்டான். சின்ன வயதில் பக்கத்து வீட்டு டிவியில் இந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறானாம். அவன் முறை வரும்போது பார்த்து வீட்டுக்குப் போகச் சொல்லி விரட்டிவிடுவார்களாம். இதை அவன் சொன்னபோது எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

விளையாட்டு இவ்வளவுதான். கட்டம் கட்டமாக ஒரு பச்சைத் தரை, அதில் சிவப்புத் தொப்பி போட்ட குட்டி ஆள், கையில் மட்டை. தூரத்தில் ஒரு கொடி, அதன் அடியில் குழி. குறைவான ஷாட்டில் பந்தைக் குழியில் போடுகிறவர் கெட்டிக்காரர். திரைக்கு அடியில் ஒரு பட்டை. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அதில் வெள்ளைக் கோடு ஏறும். இன்னொரு தட்டு, அடியின் வேகத்தை முடிவு செய்யும். கோடு திரும்பி இறங்கும்போது சரியாக நடுக்குறியில் மறுபடி தட்டினால் பந்து நேராகப் போகும். முந்தினால் ஒரு பக்கம், பிந்தினால் மறுபக்கம். நடுவில் குளம், மணல், காற்று என்று தொல்லைகள். மொத்தம் ஒன்பது குழி. எங்கள் வீட்டில் ஒருவரும் நிஜ கோல்ஃப் மைதானத்தைக் கண்ணால் கண்டதில்லை. அதற்காக யாரும் அடி வாங்காமல் இருந்துவிடவில்லை.

தனியாக ஆடினால் அவனுக்கு ருசிக்காது. எதிரில் தோற்க ஓர் ஆள் வேண்டும். சாப்பாடு முடிந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "வா, ஒரு ஆட்டம்" என்று கூப்பிட்டான். முதல் நாளே நான் விவரம் தெரியாமல் ஜெயித்துத் தொலைத்தேன். திரையில் என் குட்டி ஆள் தொப்பியைத் தூக்கிப் போட்டுக் குதித்தான். நானும் சிரித்தேன். அவன் எழுந்து போய் ஷட்டரை முழுசாக இறக்கினான். திரும்பி வந்து என் பிடரியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான்.

"என்னடி சிரிப்பு? புருஷன் தோத்தா அவ்வளவு சந்தோஷமா?"

இடது காதில் ஒரு ரீங்காரம் ஆரம்பித்தது. இன்றுவரை அது நிற்கவில்லை.

மறுநாள் நான் புத்திசாலித்தனமாக எல்லாப் பந்தையும் குளத்தில் விட்டேன். அவன் பாதி ஆட்டத்தில் கீபோர்டைப் பிடுங்கி என் தலையில் இறக்கினான். எழுத்துகள் பொரி மாதிரி தரையெங்கும் சிதறின. "எனக்கே பிச்சை போடுறியா? நான் என்ன கேனையனா?" என்று கேட்டபடி வயிற்றில் உதைத்தான். அந்த எழுத்துகளை நான் முட்டி போட்டுப் பொறுக்கினேன். புதுக் கீபோர்டு வாங்கி வந்ததும் நான்தான்.

என் நாத்தனாரிடம் சொல்லி அழுதேன். "அவன் சின்னதிலேர்ந்தே அப்படித்தான். விளையாட்டுல தோத்தா தாங்கமாட்டான். நீ கொஞ்சம் பார்த்து ஆடேன்" என்றாள். பார்த்து ஆடேன்! என்ன ஒரு தங்கமான யோசனை.

எங்களுக்கு ஒரு மகள். மூன்றாம் வகுப்பு. வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள், வாயும் ஓயாது. அவள் மேல் அவன் கை ஒருநாளும் பட்டதில்லை. என் அக்கா எத்தனையோ தடவை வந்துவிடு என்று கூப்பிட்டும் நான் போகாமல் அத்தனையையும் தாங்கிக்கொண்டு கிடந்தது இந்த ஒரு நம்பிக்கையில்தான். அவன் கோபம் என் உடம்பில் தீர்ந்துவிட்டால் பிள்ளையிடம் போகாது. அது அவளிடம் போகக் கூடாது. மற்றதெல்லாம் எக்கேடு கெட்டுப் போகட்டும்.

அதனால் பார்த்து ஆடக் கற்றுக்கொண்டேன். அவன் ஜன்னல் மாட்ட வெளியே போகும்போதெல்லாம் உட்கார்ந்து பழகினேன். தோற்கத் தெரிய வேண்டுமானால் முதலில் அவனைவிட நன்றாக ஜெயிக்கத் தெரிய வேண்டும். பந்து எங்கே விழும் என்று தெரிந்தவளால்தான் அதை வேறு எங்காவது விழவைக்க முடியும். குளத்தில் விடுவது கூடாது, கண்டுபிடித்துவிடுவான். குழிக்குப் பக்கத்தில், ஒரு மயிரிழை வேகம் கூட்டி, பந்து குழியின் உதட்டை நக்கிவிட்டுத் தாண்டிப் போக வேண்டும். உடனே நெற்றியில் உள்ளங்கையால் அடித்துக்கொண்டு "ச்சே!" என்று சொல்ல வேண்டும். அந்த ச்சேவுக்கே நான் தனியாகப் பயிற்சி எடுத்தேன். ரொம்ப சத்தமாக இருந்தால் நடிப்பு, சத்தமே இல்லாவிட்டால் திமிர்.

"அடடா, கொஞ்சம்தான்!" என்று அவன் பரிதாபப்படுவான். பரிதாபப்படுவது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும். அன்று சாயங்காலம்வரை சீட்டி அடித்துக்கொண்டு கண்ணாடி வெட்டுவான். வாலுவுக்கு மிட்டாய் வாங்கித் தருவான். எனக்கும் ஒன்று கிடைக்கும்.

இப்படியே ஓடியது. தப்புக் கணக்கில் ஒருநாள் சமமாக முடிந்து கன்னம் வீங்கியது. இன்னொரு நாள் நான் ஒழுங்காகத் தோற்றும், அவனுக்குப் பல்வலி என்பதால் உதை விழுந்தது. மொத்தத்தில் முன்னைவிடக் குறைவு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டது. வாலு மத்தியானங்களில் கடையிலேயே கிடந்தாள். மேசைக்கு அடியில் படுத்துப் படம் வரைவாள், சலித்தால் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்ப்பாள். விளையாட்டைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று காலையில் ஓர் ஆள் சொன்ன ஜன்னல் அளவை நான் தப்பாக எழுதிவிட்டேன். வெட்டிய கண்ணாடி வீண். அவன் சத்தமே போடவில்லை. என் வலது கையைப் பிடித்து ஆள்காட்டி விரலைப் பின்பக்கமாக மடக்கினான், கண்ணாடியை உடைக்கும் அதே நிதானத்தோடு. "இந்த விரல்தானே எழுதுச்சு?" என்றான். மத்தியானத்துக்குள் விரல் கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிவிட்டது.

சாப்பாடு முடிந்ததும் ஷட்டர் பாதி இறங்கியது.

"இடது கையால ஆடுறேங்க" என்றேன்.

"வேணாம். அப்புறம் தோத்துட்டு கைவலின்னு சாக்கு சொல்லுவ." மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். "வாலு, வாடி. அப்பாகூட ஒரு ஆட்டம் போடு."

"அவளுக்கு என்னங்க தெரியும், சின்னப் பிள்ளை..."

"நீ வாயை மூடு."

வாலு நாற்காலியில் ஏறி முட்டி போட்டு உட்கார்ந்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். பேசினால் அவனுக்குக் கேட்கும், தொட்டால் பார்த்துவிடுவான். முதல் குழியிலேயே எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிள்ளை ஆடுகிறாள். காற்று எந்தப் பக்கம் என்று அம்புக்குறியைப் பார்த்து, கோடு ஏறுவதைப் பார்த்து, டக்கென்று தட்டுகிறாள். அவன் ஒரு குழியில் முந்தினால் அடுத்ததில் இவள் எட்டிப் பிடிக்கிறாள். "அடி சக்கை! என் ரத்தமாச்சே" என்று அவன் முதலில் சிரித்தான். போகப்போகச் சிரிப்பு குறைந்தது. அவனுடைய கால் ஆட ஆரம்பித்தது. அந்தக் காலை எனக்குத் தெரியும். அது ஆடி நின்றால் கை எழும்பும்.

கடைசிக் குழி. இருவரும் சமம். அவன் பந்தை உள்ளே போட்டு முடித்துவிட்டான். வாலுவின் பந்து குழிக்கு ரொம்பப் பக்கத்தில் கிடந்தது. ஊதினாலே விழுந்துவிடும். போட்டால் அவள் ஒரு ஷாட்டில் ஜெயிப்பாள். ஒரு தடவை தவறவிட்டால் சமம், இரண்டு தடவை தவறவிட்டால் ஒரு ஷாட்டில் தோல்வி.

கால் ஆட்டம் நின்றது.

தவறவிடுடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். என் கண்ணு, என் செல்லம், தவறவிடு. பெற்ற பிள்ளை தோற்க வேண்டும் என்று எந்தத் தாயும் இப்படி வேண்டியிருக்கமாட்டாள்.

வாலு தட்டினாள். பந்து குழியின் உதட்டைத் தொட்டுவிட்டு ஒரு மயிரிழை தாண்டி நின்றது.

"ச்சே!" என்று உள்ளங்கையால் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மறுபடி தட்டினாள். இந்தத் தடவை அந்தப் பக்கம் ஒரு மயிரிழை. மறுபடி ஒரு ச்சே, முதல் ச்சேவைவிடக் கொஞ்சம் மெதுவாக. அப்புறம் ஒழுங்காக உள்ளே போட்டாள்.

"அடடா, கொஞ்சம்தான் வாலு! இன்னும் பழகணும்" என்று அவன் அவள் தலையைத் தடவினான். அவன் முகம் மலர்ந்துவிட்டது. வாலு தலையைக் கொடுத்துக்கொண்டே மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். சரியா செஞ்சேனாம்மா என்று கேட்கிற பார்வை. ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேர் முதலாளிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வார்களே, அந்தப் பார்வை.

அவன் கை அவள் மேல் பட்டதில்லை என்று நான் இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அது எப்போதோ பட்டுவிட்டது. நெற்றியில் அடித்துக்கொள்ளும் அந்தக் குட்டிக் கை வரைக்கும் போய்விட்டது. நான் என் உடம்பைக் கொடுத்து எதைக் காப்பாற்றினேனோ அது என் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை.

"இறங்குடா கண்ணு" என்றேன். "ஏங்க, இப்ப என்கூட ஒரு ஆட்டம்."

"விரல்?"

"இடது கை இருக்கே."

வெற்றிக் களிப்பில் இருந்தான், ஒத்துக்கொண்டான்.

அன்றைக்கு நான் ஆடிய ஆட்டம்! என் ஆட்டத்தை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை, அவன் வெளியே போனபோது அந்தச் சிவப்புத் தொப்பிக்காரன் மட்டும் பார்த்திருக்கிறான். முதல் குழியில் குளத்தைத் தாண்டி ஒரே அடியில் கொடிப் பக்கத்தில் நிறுத்தினேன். இரண்டாவதில் அவன் மணலில் திணறிக்கொண்டிருக்க, நான் போட்டு முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு தட்டையும் அவன் மூக்கில் விடும் குத்தாக நினைத்துத் தட்டினேன். நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை. ச்சே சொல்லவில்லை. அவன் கால் ஆடியது. பாதி ஆட்டம் தாண்டியதும், குழிக்குப் பக்கத்தில் கிடந்த அவன் பந்து குழியைத் தாண்டி ஓடியது.

"அடடா, கொஞ்சம்தாங்க!" என்றேன்.

அவன் முஷ்டி என் வாயில் இறங்கியது. நாற்காலியோடு பின்னால் சாய்ந்தேன். ரத்தம் உப்புக் கரித்தது, நாக்கில் ஒரு துண்டுப் பல் தட்டுப்பட்டது. என் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தரையில் இழுத்துப் போய்க் கண்ணாடிகள் சாய்த்து வைத்திருந்த சட்டத்தில் என்னை அடித்தான். ஓர் ஆளுயரக் கண்ணாடி நழுவி விழுந்து பொடிப்பொடியானது. அந்தப் பொடி மேலேயே என்னை உருட்டி உதைத்தான்.

"எவ்வளவு நாளாடி? எவ்வளவு நாளா என்னை ஏமாத்துற?"

கையால் முகத்தை மறைத்தபடி, "ஆரம்பத்துலேர்ந்து" என்றேன். வாய் முழுக்க ரத்தத்தோடு சொன்னதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை மறைக்கவில்லை. "நீங்க ஒரு ஆட்டம்கூட ஜெயிச்சதில்ல. ஒண்ணுகூட."

கழுத்தை மிதிக்கக் காலைத் தூக்கினான். அப்போதுதான் வாலு மேசைக்கு அடியிலிருந்து ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, வேணாம்ப்பா! நான் வேணும்னா இன்னொரு தடவை தோக்கறேம்பா!"

அவன் அவளைக் குனிந்து பார்த்தான். அந்தச் சொல் அவனுக்குள் இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். தோக்கறேன். அப்படியானால் முதலில் தோற்றதும்?

"நீயுமா?" என்று அவள் புஜத்தைப் பிடித்து ஒரே கையால் தரையிலிருந்து தூக்கினான். மறு கை பின்னால் ஓங்கியது.

வெட்டும் மேசையோரம் கண்ணாடிக்குக் கோடு போடும் நீள மரச்சட்டம் இருந்தது. தேய்ந்து தேய்ந்து மழமழத்துப்போன கனமான கட்டை. நான் எப்போது எழுந்தேன், எப்போது எடுத்தேன் என்று தெரியாது. இரண்டு கையாலும், வீங்கிய விரலோடும், ஓங்கிய அந்த மணிக்கட்டின் மேல் இறக்கினேன். கண்ணாடி உடையும் சத்தம் எனக்குப் பழக்கம். இது வேறு மாதிரி, ஈரமான சத்தம். பிள்ளையை விட்டுவிட்டு அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். அதே இடத்தில் இன்னொன்று போட்டேன். அது தேவையே இல்லை. அது எனக்காக.

அவன் அலறியதை நான் முதன்முதலாகக் கேட்டேன். இத்தனை நாள் அலறல் என் இலாகாவாக இருந்தது.

மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ரத்தம், கண்ணாடி, என் கையில் கட்டை, எல்லாம் பார்த்தார். அவன் வெளிறிப்போய், "கண்ணாடி... கை மேல விழுந்துடுச்சு" என்று உளறினான். பொய் சொல்லிப் பழக்கமில்லை, பாவம். மருந்துக்கடைக்காரர் என் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் அவனைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். போகும்போது அவன் திரும்பி, "வந்து வெச்சுக்கறேன்டி" என்றான். வலியில் குரல் கீச்சென்று வந்தது.

நான் தரையில் உட்கார்ந்தேன். மனசு ஆட்டம் போட்டது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். வாலு கண்ணாடித் துண்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து என் பக்கத்தில் நின்றாள். புஜத்தில் அவனுடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. அவள் பாவாடை நுனியால் என் வாயைத் துடைத்துவிட்டாள். அப்புறம் யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்பதைப் போல என் காதருகே குனிந்து கேட்டாள்.

"அப்பாவுக்குக் கை சரியாகுற வரைக்கும் நாம ஜெயிக்கலாமாம்மா?"

அவன் கொடுத்த அத்தனை அடியும் சேர்ந்து அந்த அளவுக்கு வலித்ததில்லை. ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை, எலும்பு கூடுவதற்கு எத்தனை நாள் ஆகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

"இல்லடி" என்றேன். "இனி அப்பாகூட ஆடவே வேணாம். நாம பெரியம்மா வீட்டுக்குப் போறோம்."

"திரும்பி எப்ப வருவோம்?"

"வரமாட்டோம்."

அவள் நம்பவில்லை. நான் ஏதோ ஆட்டம் ஆடுகிறேன் என்று நினைத்து, எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கும் வயசைத் தாண்டிவிட்ட பிள்ளை. இருந்தாலும் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டேன். ரொம்பக் கனத்தாள். மாற்றுத்துணிகூட எடுக்காமல் கண்ணாடித் தூளை மிதித்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். பஸ் ஏறி உட்கார்ந்து, அது கிளம்பி, கடைத்தெரு கண்ணுக்கு மறைந்த பிறகுதான் அவள் அழத் தொடங்கினாள்.